இரண்டு போல்ட்டும் ஒரு கறுப்புக் கட்டையும்

"அவர்கிட்ட கேளுக்கா, பேட்டரி வயரைக் கழட்டியாச்சான்னு."

"கழட்டியாச்சாங்க?"

"நான் என்ன பச்சைப் புள்ளையா? கழட்டிட்டேன்னு சொல்லு."

"கழட்டிட்டாராம்டா."

"எந்த வயருன்னு கேளு."

"எந்த வயருங்க?"

"நெகட்டிவ்வு. ஏன், உன் தம்பிக்கு அதுலயும் சந்தேகமா?"

கடைக்குப் பின்னாலிருந்த கொட்டகையில், மூன்று பேரும் ஒரே பிக்கப் வண்டியைச் சுற்றித்தான் இருந்தார்கள். கண்ணாடிக்கடைக்காரர் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தார். அவருடைய மச்சினன் முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி, கீழே படுப்பதற்காக ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். இருவருக்கும் நடுவே கையெட்டும் தூரம். ஆனால் பேச்சு அந்தத் தூரத்தை நேராகக் கடக்காமல், நடுவில் நின்றவள் வழியாகச் சுற்றிப் போய் வந்தது. அவள் ஒருவருக்கு மனைவி, மற்றவனுக்கு அக்கா. ஒன்றரை வருஷமாக அவளுக்கு இதுதான் உத்தியோகம்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. தம்பி ஒருநாள் இதே வண்டியைப் பின்னால் எடுத்தபோது சுவரில் இடித்து, டெலிவரிக்கு ஏற்றியிருந்த ஆளுயரக் கண்ணாடி ஒன்று உடைந்தது. அடுத்த வாரம் வீட்டில் விருந்து. தம்பியின் மாமனார், மாமியார் எல்லாரும் இருந்தார்கள். "எங்க மச்சான் ரிவர்ஸ் எடுத்தா, சுவரே எந்திரிச்சு வழி விட்டாத்தான் உண்டு" என்று கணவர் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். மாமனார் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டார். தம்பி பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். அவர் வந்து ஒரு வார்த்தை வருத்தம் சொல்லட்டும் என்று இவன் இருந்தான். உடைத்ததற்கு இவன் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று அவர் இருந்தார். இருந்துகொண்டே இருந்தார்கள்.

அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்கு அவளுக்கு ஓட்டுநர் பரீட்சை. மூன்றாவது தடவை. சொந்த வண்டியில்தான் ஓட்டிக்காட்ட வேண்டும். இந்த முறையும் தவறினால் விண்ணப்பத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும், வகுப்புகள் உட்பட. முதல் தடவை பின்னால் எடுக்கும்போது ட்ரம்மை இடித்தாள். இரண்டாவது தடவை எல்லாம் ஒழுங்காகப் போய், கடைசி மேட்டில் வண்டி நின்றுவிட்டது. "உனக்குக் கிளட்ச் விடத் தெரியல" என்று கணவர் தீர்ப்புச் சொன்னார். அவளும் ஒப்புக்கொண்டாள்.

ஐம்பது வயதுக்கு மேல் இவளுக்கு எதற்கு லைசென்ஸ் என்று கேட்டவர்களுக்கு, கடைக்கு உதவியாக இருக்கும் என்று சொல்லிவைத்தாள். உண்மை வேறு. அம்மாவைப் பார்க்கப் போக வேண்டுமென்றால் தம்பி வீட்டுக்குப் போக வேண்டும். அந்தத் தெருவுக்குள் கணவர் வண்டியைத் திருப்ப மாட்டார், முனையிலேயே இறக்கிவிடுவார். கணவர் கடையில் இருந்தால் தம்பி வந்து கூட்டிப்போக மாட்டான். இரண்டு பேருடைய ரோஷத்தையும் அனுசரித்து நாள் குறிப்பதற்கே அவளுக்கு வாரம் போய்விடும். சாவி அவள் கையில் இருந்தால் யாரையும் கேட்க வேண்டாம். அவ்வளவுதான்.

காலையில் ஒத்திகை பார்க்கலாம் என்று வண்டியை எடுத்தாள். கடைவாசல் சரிவிலேயே இருமி நின்றது. கணவர் ஆயில் கம்பியை உருவி மோந்து பார்த்தார். பெட்ரோல் வாடை. ஃப்யூல் பம்ப்புக்குள் இருக்கும் ரப்பர் தகடு கிழிந்து, பெட்ரோல் இன்ஜின் ஆயிலோடு கலந்திருக்கிறது. வழக்கமாகப் பார்க்கிற மெக்கானிக் ஊரில் இல்லை. கணவர் பஸ்ஸில் போய்ப் புதுப் பம்ப்பும் ஆயிலும் வாங்கி வந்தார். அதற்குள் அவள் தம்பிக்குப் போன் போட்டுவிட்டாள். இதே மாதிரி இன்ஜின் உள்ள வேன் ஒன்றைப் பல வருஷம் வைத்து மேய்த்தவன் அவன். இப்போது சாவி வெட்டும் கடை வைத்திருக்கிறான்.

"உனக்காகத்தான்கா வந்தேன். இதை அவர்கிட்ட சொல்லிடு."

"எனக்குக் காது கேக்குதுன்னு நீ அவன்கிட்ட சொல்லிடு."

பழைய ஆயிலை இறக்கிப் புது ஆயில் ஊற்றியாகிவிட்டது. இன்ஜினின் பக்கவாட்டில், கைப்பிடிக்குள் அடங்குகிற அளவில், அழுக்கேறிய அந்தப் பம்ப் இரண்டு போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. டேங்கிலிருந்து வரும் குழாய் ஒன்று, கார்புரேட்டருக்குப் போகும் குழாய் ஒன்று. கணவர் டேங்க் குழாயை உருவியதும் பெட்ரோல் ஒழுகத் தொடங்கியது.

"அடைங்க, அடைங்க!" என்றாள் அவள்.

"எதால அடைக்கிறது? விரலாலயா?"

தம்பி சட்டைப்பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து அக்காவிடம் கொடுத்தான். அக்கா அதைக் கணவரிடம் கொடுத்தாள். கணவர் அதைக் குழாய்க்குள் சொருகினார். பென்சில் நேராகவே போயிருக்கலாம்.

அப்போது கடையின் முன்பக்கம் மணி அடித்தது. போட்டோ சட்டத்துக்குக் கண்ணாடி வெட்ட ஒரு பெண் வந்திருந்தாள். அளவு எடுத்து, மேஜை விரிப்பின் மேல் கண்ணாடியைக் கிடத்தி, வைரமுனைக் கோலால் கோடு போட்டு, தட்டி உடைத்து, ஓரம் தேய்த்துக் கொடுத்துவிட்டு அவள் திரும்பி வர நேரமாயிற்று. அவள் இல்லாத அந்த நேரத்தில் கொட்டகையில் ஒரு வார்த்தை பேசப்படவில்லை. வேலை மட்டும் நடந்திருந்தது. பழைய பம்ப் வெளியே வந்து தரையில் கிடந்தது. கணவர் இன்ஜினின் முகத்தைச் சுரண்டித் துடைத்துக்கொண்டிருந்தார்.

தம்பி பழைய பம்ப்பை எடுத்து, அதன் லிவரை விரலால் ஆட்டிக் காட்டினான். செத்த மீனின் வால் மாதிரி தொளதொளவென்று ஆடியது.

"பாருக்கா, பிடிமானமே இல்ல. இது இன்னைக்கு நேத்து கிழிஞ்சதில்ல. மாசக்கணக்கா இப்படித்தான் ஓடியிருக்கு. சமதரையில சமாளிச்சிருக்கும். மேடு ஏறும்போது பெட்ரோல் பத்தாம நின்னிருக்கும்."

அவள் பம்ப்பைப் பார்த்தாள். பிறகு கணவரின் முதுகைப் பார்த்தாள்.

"அப்போ போன தடவை மேட்டுல நின்னது என் காலால இல்ல."

சுரண்டும் சத்தம் ஒரு நொடி நின்று மறுபடி கேட்டது.

"ஏங்க, உங்களைத்தான்."

"கிளட்ச்சும் கொஞ்சம் சரியில்லாமத்தான் விட்டே" என்றார் அவர், இன்ஜினைப் பார்த்து.

புதுப் பம்ப்பைப் பொருத்துவதுதான் இரண்டு ஆள் வேலை. பம்ப்பின் லிவரை இன்ஜினுக்குள் சுற்றுகிற கேம் என்கிற மேடுபள்ளமான உருளை தள்ளித் தள்ளி விடும், அதில்தான் பெட்ரோல் ஏறும். கேமின் மேடு லிவரின் பக்கம் திரும்பியிருந்தால் பம்ப் உட்காராது, முட்டிக்கொண்டு நிற்கும். ஒருவர் கீழே படுத்து, முன்பக்கப் புல்லியில் ஸ்பேனர் போட்டு இன்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்ற வேண்டும். மேலே இருப்பவர் பம்ப்பை அழுத்திப் பிடித்து, பள்ளம் வந்ததும் நிறுத்தச் சொல்ல வேண்டும். கீழே இருப்பவனுக்கு மேலே நடப்பது தெரியாது.

தம்பி அடியில் போனான்.

"சுத்தச் சொல்லு."

"சுத்துடா."

"நிறுத்து, நிறுத்து! நிறுத்தச் சொல்லு!"

"நிறுத்துடா!"

"நிறுத்தி எவ்வளவோ நேரமாச்சுன்னு சொல்லுக்கா."

"இன்னும் முட்டுதே. மறுபடி சுத்தச் சொல்லு."

"மறுபடியாம்டா."

எவ்வளவு சுற்றினாலும் ஏதோ முட்டியது. கடைசியில் கணவர் உதட்டைக் கடித்து, உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்து, போல்ட்டைத் திருகினார். போல்ட் முழுதும் உள்ளே போய்விட்டது, ஆனால் தலை பம்ப்பைத் தொடவில்லை. இடைவெளி தெரிந்தது. அவர் அதையே சற்று நேரம் பார்த்தார். மரப்பெட்டியைக் கிளறி வாஷர்களை எடுத்து, இரண்டு போல்ட்டிலும் அடுக்கி இறுக்கினார். அடியிலிருந்து வெளியே வந்த தம்பி அந்த வாஷர் அடுக்கைப் பார்த்தான். மீசைக்குள் ஏதோ அசைந்தது.

பென்சிலை உருவிவிட்டுக் குழாய்களையும், பேட்டரி வயரையும் மாட்டினார்கள். அவள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். காலியான கார்புரேட்டர் நிறையும்வரை இன்ஜின் வெறுமனே சுற்றியது. பிறகு பிடித்துக்கொண்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. மறுகணமே முன்னாலிருந்து டக், டக், டக்கென்று, இரும்புக் கதவை யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம்.

"ஏங்க, என்ன சத்தம் இது?"

"புதுசுல்ல. பழகணும்."

"பழகறதுக்கு அது என்ன செருப்பா?"

பம்ப் உட்கார்ந்த இடத்திலிருந்து புது ஆயில் கோடு போட்டு வழிந்தது. "ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு!" என்று கணவர் கையை ஆட்டினார். அவள் அணைத்துவிட்டு இறங்கினாள். கொட்டகைச் சுவரோரம் நிறுத்தியிருந்த கண்ணாடிகளில் மூன்று பேரும் பல தடவை தெரிந்தார்கள். அதில் ஒரு கண்ணாடியில்தான் அவள் அதைக் கவனித்தாள். தம்பியின் சட்டைப்பையில் கறுப்பாக ஒரு வட்டம். பென்சில் இருந்த பை. பென்சில் இப்போது அதில் இல்லை. ஆனால் பை கனத்துத் தொங்கியது, எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது.

"பையில என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா."

அவளே கையை விட்டு எடுத்தாள். விரல் தடிமனுக்கு ஒரு கறுப்புக் கட்டை. இரண்டு ஓரத்திலும் போல்ட் நுழைகிற ஓட்டை, நடுவில் பெரிய துவாரம்.

"இது என்ன?"

தம்பி தரையைப் பார்த்தான்.

"பம்ப்புக்கும் இன்ஜினுக்கும் நடுவுல வர்ற கட்டைக்கா. சூடு ஏறாம தடுக்கும். லிவர் எவ்வளவு உள்ள போகணுமோ அதுக்கு அளவும் இதுதான். இது இல்லேன்னா லிவர் ரொம்ப உள்ள போயி, கேம் போட்டு அடிக்கும். அதான் சத்தம். போல்ட்டும் அதனாலதான் நீளமாப் போச்சு. பழைய பம்ப்போட ஒட்டிக்கிட்டு வந்துச்சு. அவர் பழைய பேக்கிங்னு நெனச்சுச் சுரண்டித் தூக்கிப் போட்டார். நான் எடுத்து வெச்சேன்."

"எடுத்து வெச்சே. சரி. ஏன் சொல்லல?"

"கேப்பார்னு இருந்தேன்."

"யாரு?"

"அவர்தான். 'இங்க ஒரு கட்டை இருந்துச்சே, பாத்தியா'ன்னு ஒரு வார்த்தை. கேட்டா உடனே குடுத்திருப்பேன். சத்தியமா."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க. போல்ட்டு நீளமானப்பவே ஏதோ குறையுதுன்னு தெரிஞ்சிருக்குமே?"

அவர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"அவன் எடுத்ததையும் ஓரக்கண்ணால பாத்தேன். தானா குடுக்கட்டும்னு இருந்தேன். என் கடைக் கொட்டகையில நின்னுக்கிட்டு நானா போய் அவன்கிட்ட கேக்கறதா?"

சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் ஒரு மணியைத் தாண்டியிருந்தது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் இரண்டு பேருக்கும் வசதியாக இருந்திருக்கும். கட்டையைப் பம்ப் இருந்த இடத்துக்கு நேரே, மட்கார்டின் மேல் வைத்தாள்.

"பரீட்சை எனக்கு. உங்க ரெண்டு பேருக்கும் இல்ல. இனிமே இங்கேருந்து அங்க, அங்கேருந்து இங்கன்னு ஒரு வார்த்தை நான் தூக்க மாட்டேன். மாட்டறதுன்னா மாட்டுங்க. இல்லேன்னா அப்படியே கிடக்கட்டும், நான் போய்ப் படுத்துத் தூங்கறேன்."

"இங்க பாரு..."

"அக்கா, நான் என்ன சொல்றேன்னா..."

அவள் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினாள். இரண்டு பக்கக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டாள். முன்னால் தூக்கி நிறுத்திய பானெட் மட்டும் தெரிந்தது. இன்ஜின் ஓடாத வண்டியில் கிளட்ச்சை மிதித்து, ஒன்று, இரண்டு, மூன்று, ரிவர்ஸ் என்று கியர் மாற்றிப் பழக ஆரம்பித்தாள்.

வெளியே வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வாஷர்கள் தரையில் விழும் சத்தம். பம்ப்பைக் கழற்றுகிறார்கள். அட்டைப்பெட்டி உரசும் சத்தம். தம்பி அடியில் போகிறான். மேலே ஒருவர் பம்ப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கீழே ஒருவன் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறான், நடுவில் ஆள் இல்லை. அவள் ரிவர்ஸிலிருந்து நியூட்ரலுக்கு வந்தாள்.

"சுத்து" என்று பானெட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

யாரிடம் என்று சொல்லவில்லை. பெயரில்லை, உறவில்லை. வண்டி லேசாக அசைந்தது.

"இன்னும்."

அசைந்தது.

"போதும். கொஞ்சம் பின்னால."

"பின்னாலன்னா எவ்வளவு? அளவு சொன்னாத்தானே தெரியும்?" கீழேயிருந்து.

"கடுகளவு."

"ஸ்பேனர்ல கடுகளவு எங்கேருந்து வரும்? கீழ வந்து படுத்துப் பாத்தாத் தெரியும்!"

"மேல வந்து இந்தச் சூட்டுல கையை விட்டுப் பாரு, தெரியும்! ஆங், நிறுத்து, நிறுத்து. உக்காந்துடுச்சு. ஆட்டாதே. ஆட்டாதேங்கறேன்ல, மச்சான்!"

ஏற்றிவிட்ட கண்ணாடி வழியாகவும் அது அவளுக்குக் கேட்டது. சொன்னவருக்குக் கேட்டதோ என்னவோ. கீழே ஸ்பேனரைத் தரையில் வைக்கும் சத்தம்.

"போல்ட்டை ரெண்டையும் மாத்தி மாத்தி இறுக்குங்க மாமா. ஒரே பக்கமா இறுக்கினா கட்டை விரிஞ்சிடும்."

"எனக்குத் தெரியாதா? கண்ணாடிக்குச் சட்டம் அடிக்கிறவன்கிட்ட வந்து சொல்றான், மாத்தி மாத்தி இறுக்கணும்னு."

"கட்டையைத் தூக்கிப் போட்டவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லித்தான் ஆகணும்."

"கண்ணாடியை உடைச்சிட்டுக் கமுக்கமா இருந்தவன் பேசறான் பாரு!"

"ஆமா, உடைச்சேன்! அதை என் மாமனார் முன்னாடி சொல்லணுமா?"

"உன் மாமனார் சிரிச்சதுக்கு நான் பொறுப்பா?"

குழாய்களை மாட்டும்போதும் அது ஓயவில்லை. அவள் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் இருமி, பிடித்து, சீராக ஓடியது. டக் டக் இல்லை. தம்பி குனிந்து பார்த்து, விரலால் தடவி, சுத்தமான விரலை உயர்த்திக் காட்டினான். அக்காவிடம் அல்ல, மாமாவிடம். மாமா தலையை ஆட்டிவிட்டு, "லிவர் வளையாம தப்பிச்சது என் அதிர்ஷ்டம்" என்றார். "உங்க அதிர்ஷ்டம் இல்ல, அக்கா உடனே ஆஃப் பண்ணினது" என்றான் தம்பி.

லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒருவர் போதும். இரண்டு பேருமே ஏறினார்கள். நடுவில் தம்பி, கியர் கம்பியின் இரண்டு பக்கமும் முழங்காலை வைத்துக்கொண்டு. ஜன்னலோரம் கணவர். தோளும் தோளும் இடித்துக்கொண்டு வழி நெடுக வாக்குவாதம். நடுநடுவே அவளுக்கும் பங்கு கிடைத்தது.

"மெதுவா, மெதுவா."

"இதுக்கு மேல மெதுவாப் போனா நிறுத்தணும் மாமா. அக்கா, நீ மூணுல போடு."

"போடாதே."

"ரெண்டு பேரும் வாயை மூடிட்டு வர்றீங்களா, இறங்கறீங்களா?" என்றாள் அவள். ஒரு சிக்னல்வரை மூடிக்கொண்டிருந்தார்கள்.

பரீட்சை மைதானத்தில் வெள்ளைச் சட்டை போட்ட பெண் அதிகாரி ஒருத்தி பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டாள். கணவரும் தம்பியும் வேலியோரம் நின்றார்கள். கணவர் தன் இரண்டு கையாலும் ஆளுயரக் கண்ணாடி ஒன்றின் அளவைக் காற்றில் காட்டிக்கொண்டிருந்தார். தம்பி காற்றில் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பி, சுவர் எந்தப் பக்கம் இருந்தது என்று காட்டிக்கொண்டிருந்தான்.

"அந்த ரெண்டு பேரும் உங்க கூட வந்தவங்களா?"

"ஆமாங்க மேடம்."

"என்ன சண்டை? போய் விலக்கிவிடச் சொல்லட்டுமா?"

"வேண்டாங்க. பேசிக்கிட்டிருக்காங்க."

அதிகாரி அவளை ஒரு பார்வை பார்த்தாள். "சரி. அந்த ரெண்டு ட்ரம்முக்கு நடுவுல ரிவர்ஸ் எடுங்க."

பின்கண்ணாடியில் ஒரு ட்ரம்மும், அதற்கு அப்பால் இரண்டு ஆண்களும் தெரிந்தார்கள். வண்டி பின்னால் நகரத் தொடங்கியதும் வேலியோரத்தில் கைகள் நின்றுபோயின. இருவரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அவள் ட்ரம்மை மட்டும் பார்த்தாள். இடிக்கவில்லை. பிறகு மேடு. பாதியில் அதிகாரி நிறுத்தச் சொன்னதும் நிறுத்தினாள். கிளம்பச் சொன்னதும் கிளம்பினாள். அதிகாரி எதையோ எழுதி, கிழித்து, கையில் கொடுத்தாள். அட்டை தபாலில் வரும், அதுவரை இதை வைத்து ஓட்டலாம் என்றாள்.

மைதான வாசலுக்கு வந்தபோது இருவரும் விட்ட இடத்திலிருந்து தொடங்கியிருந்தார்கள். அவள் ஹார்ன் அடித்தாள். கணவர் ஓடிவந்து கதவைப் பிடித்தார். பூட்டியிருந்தது.

"பாஸா?"

"பாஸ்."

"பாத்தீங்களா மாமா, நான் சொன்னேன்ல?"

"நீ எங்கடா சொன்னே? நான்தானே சொன்னேன்! ஏய், கதவைத் திற."

அவள் ஜன்னலைக் கொஞ்சமாக இறக்கினாள்.

"நான் அம்மாவைப் பாத்துட்டு வர்றேன். பஸ் அந்தப் பக்கம் நிக்கும். ரெண்டு பேரும் பேசிக்கிட்டே நடங்க."

"தனியாவா போறே?"

"ஆமா."

பின்னால் கண்ணாடி ஏற்றும் பலகைச் சட்டம் காலியாக ஆட, வண்டி சாலையில் ஏறியது. தம்பி வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பாலம் உண்டு. நல்ல ஏற்றம். அதன் பாதியில், முன்னால் எந்த வண்டியும் இல்லாதபோதே, அவள் பிரேக்கை மிதித்து நிறுத்தினாள். பின்னால் வந்த லாரிக்காரர் ஹார்னை அழுத்தினார்.

"இருப்பா, போறேன்" என்றாள் அவள், யாருக்கும் கேட்காமல். கிளட்ச்சை விட்டாள். வண்டி நிற்கவில்லை.